மிசிசிப்பிக் கரையில் ஒரு நேர்ச்சை இல்லம்

வெளிநாடு சென்று திரும்பும் குருக்கள் எழுதும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் உரோமையில் தொடங்கி லூர்து நகரில் நிறைவுபெறும். நான் எழுதப் புகுவதோ, நம்மவர் அதிகம் அறியாத ஓர் ஆற்றங்கரை நகரைப் பற்றி. ஒருவர் செய்த நேர்ச்சையின் பயனாக எழுந்த இல்லம் ஒன்று அங்கே இருக்கின்றது. அதன் பொருட்டு அங்கே நான் கற்ற பாடம், பிள்ளைகளை உயர்படிப்புப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கும், அவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும் என் போன்ற பங்குக் குருக்களுக்கும் பயன்படும் என்று நம்பி இதனை எழுதுகின்றேன்.

2023ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த மெம்பிஸ் நகருக்கு, விடுமுறையில் சென்ற பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாக ஐந்து வாரங்கள் பணியாற்றச் சென்றிருந்தேன். நகரின் மேற்கு எல்லையாக மிசிசிப்பி ஆறு ஓடுகின்றது. அதன் அகலத்தையும் மண் கலந்த நிறத்தையும் கண்டபோது, ஆடி வெள்ளத்தில் நான் பார்த்திருந்த கொள்ளிடமே நினைவுக்கு வந்தது. இரண்டு பெரும் வில்வளைவுகளோடு நிற்கும் இரும்புப் பாலத்தைக் கடந்தால் ஆர்க்கன்சா மாநிலம். ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகளும், அப்பருத்தியை விளைவித்த அடிமை மக்களும் விலை பேசப்பட்ட ஊர் இது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கேதான். அவர் தங்கியிருந்த விடுதி இன்று கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைக் காட்டும் அருங்காட்சியகமாக இருக்கின்றது.

அப்பங்கில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவற்றுள் குமரி மாவட்டத்திலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று முதல் வாரத்திலேயே என்னை இரவு உணவுக்கு அழைத்தது. மீன் குழம்பும் மரவள்ளிக் கிழங்கும் பரிமாறப்பட்டன. உணவு முடியும் தறுவாயில் குடும்பத் தலைவர் மெதுவாகச் செய்தியை எடுத்தார்.

"சாமி, இந்த ஊரிலே புனித யூதா ததேயுவின் பெயரால் பெரிய புற்றுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. தம்பி டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறான். அதற்கு முன்னால் அங்கே கொஞ்ச நாள் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறான். நம்முடைய புனிதர் பெயரில் உள்ள இடமாயிற்றே! சாமி நல்லதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் தட்ட மாட்டார்கள்."

பத்தொன்பது வயது மகன் தலை கவிழ்ந்திருந்தான். "வேண்டாம் அப்பா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நாற்பது பேராசிரியர்களுக்கு எழுதினேன், ஃபாதர். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். அவர்களும் முன்அனுபவம் உள்ளவர்களைத்தான் சேர்ப்போம் என்றார்கள். சேர்த்தால்தானே அனுபவம் வரும்?" என்றான்.

அந்நாட்டு முறையை ஈண்டு விளக்குதல் நலம். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நுழைவுத் தேர்வு எழுதும் மாணவன் நேரே மருத்துவக் கல்லூரிக்குச் செல்கின்றான். அங்கோ முதலில் நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற வேண்டும். நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். பட்டம் பெற்ற பின்னரே நான்காண்டு மருத்துவப் படிப்பு. இந்த முன்படிப்புக் காலத்தில் இருப்போரை 'ப்ரீ-மெட்' மாணவர் என்று அழைக்கின்றனர். மருத்துவக் கல்லூரிகள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. மாணவன் நோயாளிகளுக்கு உதவியிருக்கின்றானா, ஆய்வகத்தில் உழைத்திருக்கின்றானா என்றும் பார்க்கின்றன. ஆகவே ஆய்வகக் கதவுகளைத் தட்டும் இளைஞர் எண்ணிறந்தோர். திறக்கும் கதவுகளோ சில.

"பார்ப்போம்" என்றேன். பங்குக் குருக்கள் அடிக்கடி சொல்லும் சொல் அது. அன்றிரவே கடிதத்தை எழுதியும் விட்டேன். இவ்விளைஞனை நன்கு அறிவேன், இவன் ஒழுக்கமும் உழைப்பும் மிக்கவன் என்று வழக்கமான வரிகளை இட்டுக் கையொப்பமும் செய்தேன். அவனை நான் அறிந்தது ஐந்தே நாட்கள். அது எனக்கு உறுத்தவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் இவ்வாறு நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை.

அடுத்த வாரம், செவிலியராகப் பணிபுரியும் பங்கு மக்களில் ஒருவர் முன் அனுமதி பெற்று என்னை அம்மருத்துவமனை வளாகத்திற்கு அழைத்துச் சென்றார். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

அதன் வரலாறு கேட்கத் தக்கது. லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய ஏழை மரோனைட் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் டேனி தாமஸ். மேடையில் மக்களைச் சிரிக்க வைத்துப் பிழைக்க முயன்ற அவர், வருமானமின்றித் தவித்த நாளில் டெட்ராய்ட் நகரக் கோயிலொன்றில், கைவிடப்பட்டோரின் பரிந்துரையாளரான புனித யூதா ததேயுவிடம் வழிகாட்டுமாறு மன்றாடி, அவர் பெயரால் ஒரு திருத்தலம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். பின்னர் புகழும் பொருளும் வந்து சேர்ந்தன. நேர்ச்சையை எவ்வாறு நிறைவேற்றுவது என்று கலந்தபோது, டென்னசி மாநிலத்தில் பிறந்தவரும் சிக்காகோ பேராயருமான கர்தினால் ஸ்டிரிச்சு, மெம்பிஸ் நகரைக் காட்டினார். சிலையும் பீடமுமாக அல்லாமல், நோயுற்ற குழந்தைகளுக்கான ஆராய்ச்சி மருத்துவமனையாக அந்த நேர்ச்சை உருப்பெற்றது. 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நட்சத்திர வடிவிலான முதற் கட்டடத்தின் வரைபடத்தை ஊதியம் பெறாமல் வரைந்து தந்தவர் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். நிறம் பார்த்து மருத்துவமனைகளும் பள்ளிகளும் பிரிக்கப்பட்டிருந்த அந்நாளிலே, இங்கே எல்லா நிறக் குழந்தைகளும் ஒரே கூடத்தில் சிகிச்சை பெற்றனர். இன்றளவும் குழந்தையின் குடும்பத்திற்குக் கட்டணச் சீட்டு அனுப்பப்படுவதில்லை.

ஆயினும் ஒன்றை அறிந்து வியந்தேன். புனிதரின் சிலை வளாகத்தில் நின்றாலும், இது திருச்சபை நடத்தும் நிறுவனம் அன்று. பொதுமக்களின் நன்கொடையில் எச்சமயத்தாருக்கும் உரியதாக நடைபெறுவது. குருவின் கடிதத்திற்கு இங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை.

மருத்துவமனை தொடங்கியபோது, குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் கண்டவர்களில் நூற்றுக்கு 4 பேரே பிழைத்தனர் என்று அங்கே அறிந்தேன். இன்று அங்கே பிழைப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர். அந்த இரண்டு எண்களுக்கு முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1981ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, அவன் ஆறு வயதில் இதே நோயால் இறந்தான். ஈறுகளில் இரத்தம் கசியும். தொட்ட இடமெல்லாம் நீலம் பாயும். நகரத்து மருத்துவர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் கூறியது இன்றும் என் செவியில் இருக்கின்றது. இந்நோய்க்கு மருந்தே இல்லை என்று எண்ணித்தான் நாங்கள் ஆறுதலடைந்தோம். நானும் மறையுரைகளில் அவ்வாறே சொல்லி வந்தேன். ஆனால் டொனால்ட் பிங்கல் என்ற முதல் இயக்குநரும் அவருடைய குழுவினரும் வகுத்த முழுச் சிகிச்சை முறையால், 1967, 1968ஆம் ஆண்டுகளில் அங்குச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் குணமடைந்தனர். என் தம்பி பிறப்பதற்கு முன்பே இது நடந்துவிட்டது! சென்னை அடையாறு உள்ளிட்ட நம் நாட்டு மையங்கள் மூன்றில் இத்தகைய பல மருந்துச் சிகிச்சை பொது முறையாக வகுக்கப்பட்டுப் பரவியது அவன் இறந்த பின்னரே.

கசப்போடு நான் அங்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. நான்கை ஐம்பதாக்கியது யார்? ஐம்பதைத் தொண்ணூற்று நான்காக்கியது யார்?

புதுமையான ஒரே மருந்து அதைச் செய்யவில்லை. கையில் இருந்த மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை மாதம் கொடுப்பது என்பதையும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் ஒளிந்திருந்து நோய் திரும்புவதை எவ்வாறு தடுப்பது என்பதையும் அவர்கள் ஒவ்வோர் ஆய்வாகச் சோதித்து அறிந்தனர். இதற்குக் குழந்தைகளின் இரத்தம் ஓயாமல் சோதிக்கப்பட வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் அணுக்கள் எண்ணப்பட வேண்டும். எண்ணியது பிழையின்றிப் பதிவேட்டில் ஏற வேண்டும். எண்ணியவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. எண்ணிக்கை ஓரிடத்தில் பொய்த்திருந்தால், முடிவும் பொய்த்திருக்கும். அடுத்த குழந்தைக்குக் கொடுத்த மருந்தும் தவறியிருக்கும்.

அம்மருந்துகளுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட்டின் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு. ஆந்திர மண்ணில் 1895ஆம் ஆண்டு பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கே வயிற்றுப் பாட்டுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளாக வேலை செய்தார். நோயாளிகளின் மலத்தட்டைக் கழுவிய கைகளோடு பகலில் ஆய்வகத்தில் நின்றார். பின்னாளில் அவர் தலைமையில் இயங்கிய குழு ஆக்கித் தந்த அமினோப்டெரின் மருந்தைக் கொண்டே, சிட்னி ஃபார்பர் என்ற பாஸ்டன் மருத்துவர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்யலாம் என்று 1948ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினார். அம்மருந்தின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின், பங்கு மண்டபத்தில் காப்பி அருந்தும் வேளையில், அந்நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருக்கும் ஓர் அம்மையாரிடம் இளைஞனை அழைத்துச் சென்றேன். தம் ஆய்வகத்தில் இடமில்லை என்பதை அவர் முதலிலேயே கூறிவிட்டார். பிறகு, அவன் அனுப்பிய கடிதத்தைக் காட்டச் சொன்னார். சிறு வயது முதலே புற்றுநோயை ஒழிக்க வேண்டும் என்ற தணியாத ஆவல் தனக்கு இருப்பதாக அது தொடங்கியது. நாற்பது பேருக்கும் அதே கடிதந்தான். பெயர் மட்டும் வேறு.

"இதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை, உன்னைப் பற்றியும் ஒன்றும் இல்லை" என்றார் அம்மையார். கடுமையாகச் சொல்லவில்லை. தொடர்ந்து அரை மணி நேரம் அவனுக்கு அவர் கூறியவற்றை, நம் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால், தொகுத்துத் தருகின்றேன்.

முதலாவது, பெயர்பெற்ற பெரிய மருத்துவமனையின் வாயிலில் தொடங்காதே. உன் பல்கலைக்கழகத்திலேயே, உனக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியரிடம் தொடங்கு. உன் முகத்தை அறிந்தவர் அவர் ஒருவரே. பெரிய நிலையங்களின் கோடைப் பயிற்சிகள் பலவற்றிற்கு முந்திய குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அவற்றுள் பல, ஓரளவு ஆய்வக அனுபவத்தை எதிர்பார்ப்பவை. குடியுரிமை பற்றிய நிபந்தனைகளும் சிலவற்றில் உண்டு. அவற்றை இரண்டாம் படியாக வைத்துக்கொள்.

இரண்டாவது, எழுதுமுன் அந்த ஆய்வகம் வெளியிட்ட கட்டுரை ஒன்றையாவது படி. முழுதும் விளங்காது. விளங்கியது எது, விளங்காதது எது என்று எழுது. வாரத்தில் எந்த நாட்களில் எத்தனை மணி நேரம் வர இயலும், எத்தனை பருவங்கள் தொடர்ந்து வருவாய் என்று எழுது. ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் பதில் இல்லையேல், பணிவாக ஒரு முறை நினைவூட்டு. பதில் வராமை பெரும்பாலும் வெறுப்பன்று, வேலைப் பளுவே.

மூன்றாவது, பேராசிரியரை மட்டும் நோக்காதே. அவரிடம் ஆய்வு செய்யும் மூத்த மாணவர்கள்தாம் உனக்கு நாள்தோறும் கற்பிக்கப் போகின்றவர்கள். அவர்களிடம் பேசு. புதியவன் ஒருவனுக்குக் கற்பிக்கத் தொடக்கத்தில் அவர்களுடைய நேரம் செலவாகும். ஒரு சில மாதங்களில் ஓடிவிடுபவனை அதனால்தான் எவரும் விரும்புவதில்லை.

நான்காவது, எந்த வேலையையும் தாழ்வென்று எண்ணாதே. குப்பிகளைக் கழுவுதல், உயிரணுக்களை எண்ணுதல், பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றுதல் ஆகிய அனைத்தும் ஆய்வே. நோயாளிகளின் பதிவேட்டைத் தொடுமுன் அவர்தம் அந்தரங்கத்தைக் காக்கும் விதிகளைக் கற்றுத் தேற வேண்டும். தவறு செய்தால் அன்றே சொல்லிவிடு. மறைத்த தவறு ஓராண்டு உழைப்பைக் கெடுக்கும்.

இறுதியாக நான் தயக்கத்தோடு என் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அம்மையார் புன்னகைத்தார். "தந்தையே, எங்களுக்கும் சான்றுக் கடிதம் மிக முக்கியம். ஆனால் அதை எழுதுபவர் அவனுடைய வேலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவன் எப்போது தாமதமாக வந்தான், தவறியபோது என்ன செய்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?" என்றார்.

நான் எதையும் பார்த்திருக்கவில்லை. மீன் குழம்பு உண்டேன், அவ்வளவே. அணுவை எண்ணாமல் எண்ணியதாகப் பதிவேட்டில் எழுதுவதற்கும், அறியாத ஒருவனை நன்கறிவேன் என்று எழுதுவதற்கும் என்ன வேறுபாடு? அன்று மாலை அக்கடிதத்தைக் கிழித்தேன்.

தந்தைக்கு வருத்தந்தான். "நம்மவர்க்கு நாமே உதவாவிட்டால் வேறு யார் சாமி உதவுவார்கள்?" என்று கேட்டார். வீட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைக் கரையேற்றப் பார்க்கும் நம் பெற்றோரின் குரல் அது. அதனை எளிதாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சுப்பாராவின் கதையைச் சொன்னேன். அவர் மறுமொழி கூறாமல் வழியனுப்பினார். ஆனால் மகன் கார் வரை வந்தான். "இன்றைக்குத்தான், ஃபாதர், என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்" என்றான்.

நான் தாயகம் திரும்பிய பின் அவனிடமிருந்து மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவதில், தனக்கு உயிரியல் கற்பித்த ஆசிரியரின் ஆய்வகத்தில் வாரம் எட்டு மணி நேரம் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தான். ஊதியம் இல்லை. பழ ஈக்களுக்கு உணவு காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றுவதே பணி. உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதேன் என்பதை அந்த ஈக்களைக் கொண்டு ஆராய்கின்றார்களாம். இரண்டாவதில், ஒரு நாள் பெயர்ச்சீட்டுகளை மாற்றி ஒட்டி இரண்டு வார வேலையைப் பாழாக்கியதையும், இரவு முழுதும் உறங்காமல் மறுநாள் காலையில் சென்று ஒப்புக்கொண்டதையும் எழுதியிருந்தான். ஆசிரியர் சிறிது நேரம் பேசாமலிருந்து, சீட்டு ஒட்டும் முறையைத் திருத்தி எழுதும் பொறுப்பை அவனிடமே கொடுத்தாராம். மூன்றாவது, 2024ஆம் ஆண்டு வசந்தத்தில் வந்தது. அவன் விரும்பிய பெரிய கோடைப் பயிற்சியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால், கோடை முழுவதும் ஊதியத்தோடு தங்கி வேலை செய்யுமாறு ஈக்களின் ஆய்வகமே அவனைக் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு விண்ணப்பத்திற்கு ஆசிரியரே சான்றுக் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றார். அக்கடிதத்தில் பெயர்ச்சீட்டுத் தவறும் இடம்பெறும் என்று நினைக்கின்றேன். அதுவே அவனுக்குச் சிறந்த சான்றாகும்.

என் பங்கிலும் ஒரு மாற்றம் செய்திருக்கின்றேன். சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் இளைஞரை இப்போது நான் உடனே கையொப்பமிட்டு அனுப்புவதில்லை. மூன்று சனிக்கிழமைகள் வந்து, மாலை வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவோ, முதியோர் இல்லத்தில் உதவவோ கேட்கின்றேன். பிறகு நான் கண்டதை எழுதுகின்றேன். சிலர் முகம் சுளித்துச் செல்கின்றனர். பெற்றோர் சிலர் ஆயர் இல்லத்திற்கே முறையிட்டனர். வந்தவர்களைப் பற்றியோ, இப்போது எனக்கு எழுதுவதற்கு உண்மையில் ஏதோ இருக்கின்றது.

சென்ற நவம்பரில், இறந்தோர் நினைவு நாளன்று, சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றேன். தம்பியின் கல்லைச் சுற்றி, யாரும் நடாமலேயே நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது. நம் கல்லறைகளில் தானே முளைக்கும் அச்செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்தும், பிங்கல் அக்குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்துகளுள் ஒன்று. மெம்பிஸில் அதனைக் கேட்டறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து அவன் தலைமாட்டிலேயே பூத்திருந்தது. அதனைப் பிரித்தெடுக்கவும், அளக்கவும், எண்ணவும், எண்ணியதை உண்மையாகப் பதிக்கவும் கைகள் தேவைப்பட்டன.

அங்கே ஈக்களுக்கு உணவு காய்ச்சிக் கொண்டிருக்கும் அப்பிள்ளையின் கைகளுக்காகவும் அன்று மன்றாடினேன்.